பெயர் வைக்கும் உரிமை யாருக்கு?

ஜப்பானிய மொழியை ரோமன் எழுத்தில் எப்படி எழுதுவது என்ற கேள்விக்கு, ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு ஜப்பான் அரசு தன் விடையை மாற்றிக்கொள்ள முன்வந்திருக்கிறது. 1954-ஆம் ஆண்டின் அமைச்சரவை அறிவிப்பு, 'குன்ரெய்' என்ற முறையை முதன்மைப்படுத்தியது. அந்த முறையில் ஃபூஜி மலையின் பெயர் 'எச்' எழுத்தில் தொடங்கும். டோக்கியோவின் ஷிபுயா பகுதியின் பெயரிலோ 'எச்' எழுத்தே இருக்காது. பள்ளிப் பிள்ளைகள் இதைத்தான் படித்தார்கள். ஆனால், கடவுச்சீட்டிலும் சாலைப் பலகைகளிலும் வழங்கியது இன்னொரு முறை. 19-ஆம் நூற்றாண்டில் மருத்துவராகவும் சமயப் பணியாளராகவும் ஜப்பானுக்குச் சென்ற அமெரிக்கர் ஜேம்ஸ் கர்ட்டிஸ் ஹெப்பர்னின் அகராதி வழியாகப் பரவியது அது. வழக்கில் உள்ள அந்த ஹெப்பர்ன் முறையையே அடிப்படையாகக் கொள்ளலாம் என்று, 2025 ஆகஸ்டில் ஜப்பானின் பண்பாட்டு விவகாரக் குழு பரிந்துரைத்தது.

ஆங்கில விக்கிப்பீடியாவின் தன்னார்வத் தொகுப்பாளர்கள் இந்த முடிவுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டார்கள். ஜப்பான் தொடர்பான கட்டுரைகளுக்கு அவர்கள் வகுத்த நடைக் கையேடு, ஹெப்பர்ன் முறையின் திருத்திய வடிவத்தைப் பின்பற்றச் சொல்கிறது. அனிமே, மங்கா ஆகியவற்றுக்கென்று தனிக் கையேடும் இருக்கிறது. சம்பளமோ பதவியோ இல்லாத மனிதர்கள், ஒரு கார்ட்டூன் தொடரின் தலைப்பில் எந்த எழுத்தைப் பெரிதாக இடுவது, ஒரு நடிகரின் குடும்பப் பெயர் முதலில் வருமா கடைசியில் வருமா என்று மாதக்கணக்கில் விவாதித்து உருவாக்கிய விதிகள் இவை.

இதைக் கேட்டதும், 'வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு' என்று சிரிப்பவர்கள் உண்டு. பொதுவளங்களின் பொருளியலை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் கற்பித்தவன் என்ற முறையில் நான் அந்தச் சிரிப்பில் சேர இயலாது. அந்த விவாதப் பக்கங்களில் நான் காண்பது, அறிவு என்னும் பொதுவளத்தைப் பயனாளிகளே ஆளும் ஓர் அரிய ஏற்பாடு. அது இன்று நெருக்கடியில் இருக்கிறது.

ஒரு கோட்டின் மதிப்பு

தமிழர் அறிந்த பெயரிலிருந்தே தொடங்குவோம். தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று வாதிட்ட மொழியியல் அறிஞர் சுசுமு ஓனோவை நம் தமிழாசிரியர்கள் நன்கறிவார்கள். அவருடைய குடும்பப் பெயரின் முதல் எழுத்து நெடில்; பெரிய வயல் என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதப்படுவது. ஜான் லெனனின் மனைவியான கலைஞர் யோகோவின் குடும்பப் பெயர் குறிலில் தொடங்குவது. சிறிய வயல் என்று பொருள்படும் எழுத்துகளைக் கொண்டது. ஜப்பானியருக்கு இவை இரு வேறு குடும்பங்கள். ஆங்கில எழுத்தில் வெறுமனே எழுதினாலோ இரண்டும் ஒன்றாகிவிடும்.

இந்த வேறுபாட்டைக் காப்பது எழுத்தின் தலைமேல் இடும் ஒரு சிறு கோடு. நெடிலுக்குக் கோடு இட வேண்டும் என்பது கையேட்டின் பொது விதி. டோக்கியோ, ஒசாகா போல ஆங்கிலத்தில் வேரூன்றிவிட்ட பெயர்களுக்குக் கோடு வேண்டாம் என்பது விலக்கு. எது வேரூன்றியது, எது வேரூன்றவில்லை என்பதில்தான் சச்சரவு எழுகிறது. தட்டச்சு செய்வோரின் வசதியா, மூலமொழியின் துல்லியமா, வாசகரின் பழக்கமா என்ற மூன்று நியாயமான தேவைகள் மோதும் இடம் அது. மோதலே இல்லாமல் அந்தக் கோட்டை இடவும் முடியாது, நீக்கவும் முடியாது.

பெயரின் வரிசையும் அப்படித்தான். ஜப்பானியர் குடும்பப் பெயரை முதலில் சொல்வார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது அதைத் தலைகீழாக்கும் பழக்கம் மெய்ஜி காலத்தில் வேரூன்றியது. விக்கிப்பீடியாவின் கையேடு நெடுங்காலமாக 1868-ஐ, அதாவது மெய்ஜி காலத்தின் தொடக்கத்தை, எல்லைக்கோடாகக் கொண்டுவந்திருக்கிறது. அதற்கு முன் பிறந்தவர்களுக்குக் குடும்பப் பெயர் முதலில். பின்னால் பிறந்தவர்களுக்குப் பொதுவாகக் கடைசியில். இதன் விளைவை ஒரே கட்டுரையில் பார்க்கலாம். ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 2023-இல் தொகுகாவா இயெயாசுவின் வாழ்வைத் தொடராக ஒளிபரப்பியது. கதைமாந்தரின் பெயரில் குடும்பப் பெயரான தொகுகாவா முதலில் வரும். அவராக நடித்த ஜுன் மட்சுமோட்டோவின் பெயரில் குடும்பப் பெயர் இறுதியில் வரும்.

2020 ஜனவரி முதல் ஜப்பான் அரசு தன் ஆங்கில ஆவணங்களில் குடும்பப் பெயரை முதலில் எழுதத் தொடங்கிவிட்டது. அரசு மாறினால் கலைக்களஞ்சியமும் மாற வேண்டுமா? அல்லது ஆங்கில நாளேடுகளும் நூல்களும் மாறும்வரை காத்திருக்க வேண்டுமா? ஒரு நாட்டு மக்கள் தங்கள் பெயரைத் தாங்கள் விரும்பும் வரிசையில் எழுதிக்கொள்ளும் உரிமைக்கும், ஆங்கில வாசகர் தேடியதைக் கண்டடையும் வசதிக்கும் இடையிலான கேள்வி இது. அற்பமானது என்று எப்படிச் சொல்ல முடியும்?

உரிமம் பெற்றவர் வைத்த பெயர்

தலைப்புகளைப் பற்றிய விவாதம் இன்னும் கூர்மையானது. கோஷோ அயோயாமா 1994 முதல் வரைந்துவரும் துப்பறியும் மங்கா ஒன்று, மூலத்தில் 'துப்பறிவாளர் கோனன்' என்று பொருள்படும் பெயர் கொண்டது. ஐரோப்பாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாசகர்கள் அதை அந்தப் பெயராலேயே அறிவார்கள். வட அமெரிக்காவில் அதை வெளியிட்டவர்கள் மட்டும், சட்டம் சார்ந்த காரணங்களால், 'முடிந்த வழக்கு' என்று பொருள்படும் வேறு பெயரைச் சூட்டினார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவின் கட்டுரை நெடுங்காலமாக அந்த இரண்டாவது பெயரையே தலைப்பாகத் தாங்கி நிற்கிறது. தலைப்பை மாற்ற வேண்டும் என்ற கோரிக்கை மீண்டும் மீண்டும் எழுந்திருக்கிறது.

விதியின் தர்க்கம் எளிமையானது. ஆங்கில வாசகருக்கான கலைக்களஞ்சியம், நம்பகமான ஆங்கிலச் சான்றுகளில் மிகுதியாக வழங்கும் பெயரைத் தலைப்பாகக் கொள்ளும். ஆனால், அந்த ஆங்கிலச் சான்றுகள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் வட அமெரிக்கச் சந்தையிலிருந்து. அங்கே பெயரைத் தீர்மானிப்பவர் யார்? உரிமம் பெற்ற நிறுவனம். ஆக, ஒரு நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் எடுத்த முன்னெச்சரிக்கை, உலக வாசகர்களுக்கான பெயராக உருமாறிவிடுகிறது. நடுநிலையாகத் தோன்றும் விதியும் சந்தை வலிமை உள்ளவர் பக்கம் சாயும் என்பதற்கு, வகுப்பறையில் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அதே விதிகள் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தவும் செய்கின்றன. விளம்பரத்தில் முழுப் பெரிய எழுத்துகளில் மின்னும் தலைப்பு, கட்டுரையில் இயல்பான எழுத்தில்தான் வரும். பெயரின் நடுவே அலங்காரமாகச் செருகிய நட்சத்திரக் குறி நீக்கப்படும். கதையின் முடிவைச் சொல்ல வேண்டாம் என்று தயாரிப்பாளர் கெஞ்சினாலும், கலைக்களஞ்சியம் அதை ஒளிக்காது. திரைப்படத்தின் கதைச்சுருக்கம் பொதுவாக 400 முதல் 700 சொற்களுக்குள் அடங்க வேண்டும். ரசிகர்கள் திருத்தும் தரவுத்தளங்கள் சான்றாகா. வணிகத்தின் ஆரவாரத்துக்கும் ரசிகரின் பற்றுக்கும் ஒரே நேரத்தில் அணைபோடும் விதிகள் இவை.

ஃபூஜி மலையடிவாரப் பாடம்

பொதுவளங்களை அரசோ தனியாரோ கையில் எடுக்காவிட்டால் அவை அழிந்தே போகும் என்று பொருளியலாளர்களில் பலர் நெடுங்காலம் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைச் சான்றுகளோடு அசைத்தவர் எலினோர் ஆஸ்ட்ரோம். பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண். 2009-இல் அப்பரிசு அவருக்குக் கிடைத்தது. 1990-இல் வெளிவந்த அவருடைய நூல் எடுத்துக்காட்டிய நீடித்த பொதுவளங்களில் ஜப்பானியச் சிற்றூர்களும் உண்டு. ஹிரானோ, நாகாய்கே, யமானகா ஆகிய ஊர்களின் மக்கள் பொதுக் காட்டையும் புல்வெளியையும் பல நூறு ஆண்டுகள் தாங்களே விதி வகுத்துக் காத்தார்கள். எந்த நாளில் புல் அறுக்கலாம் என்பதை ஊரே முடிவு செய்தது. காவலர்கள் குதிரையில் சுற்றிவந்தார்கள். விதியை மீறியவர் ரொக்கமோ சாகே மதுவோ கொடுத்துச் சிறு குற்றத்திலிருந்து மீளலாம். பெருங்குற்றத்துக்குத் தண்டனையும் பெரிது.

இத்தகைய ஏற்பாடுகள் நிலைக்க ஆஸ்ட்ரோம் எட்டுக் கூறுகளைச் சொன்னார். விதியால் பாதிக்கப்படுவோர் விதியை மாற்றுவதில் பங்கேற்க வேண்டும்; பயனாளிகளே கண்காணிக்க வேண்டும்; தண்டனை படிப்படியாக ஏற வேண்டும்; சச்சரவைத் தீர்க்க எளிய, செலவில்லாத மன்றம் வேண்டும் என்பன அவற்றில் சில. இக்கூறுகளைக் கையில் வைத்துக்கொண்டு விக்கிப்பீடியாவைப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். ஒவ்வொரு கட்டுரைக்கும் பேச்சுப் பக்கம் இருக்கிறது. ஒருவர் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் பிறர் திருத்தத்தை மீட்டெடுத்தால் தடைக்கு உள்ளாவார். இருவருக்குள் முடியாத வழக்கு மூன்றாமவரிடமும், பிறகு திறந்த கருத்துக்கேட்புக்கும் செல்லும். கையை உயர்த்தி எண்ணுவதைவிடக் காரணத்தின் வலுவே பெரிது என்பது கொள்கை. ஒவ்வொரு வாதமும் தேதியோடு பதிவில் நிற்கும். பத்தாண்டுகளுக்குப் பிறகு வருபவரும், இந்தப் பெயர் ஏன் இப்படி இருக்கிறது என்று திரும்பிப் பார்த்து அறியலாம், மறுக்கவும் செய்யலாம்.

புல்வெளிக்கும் கலைக்களஞ்சியத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அறுத்தால் புல் குறையும். படித்தால் கட்டுரை குறையாது. அப்படியானால் இங்கே அருகிவரும் வளம் எது? தன்னார்வலரின் நேரமும் பொறுமையும்தான். நடை விதியின் பொருளியல் பயன் அங்கேதான் இருக்கிறது. ஒருமுறை வாதாடி முடித்த கேள்வியை ஆயிரம் கட்டுரைகளில் ஆயிரம் முறை மீண்டும் வாதாட வேண்டியதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வீண்பேச்சாகத் தோன்றுவது, உண்மையில் பேச்சைச் சேமிக்கும் முதலீடு.

உழைப்பு எங்கே போகிறது?

இந்த ஏற்பாட்டில் குறையே இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. விதி கடுமையானால் உழைப்பு வேறிடம் நகரும். தொடக்க ஆண்டுகளில் போக்கிமான் தொடரின் ஒவ்வோர் உயிரினத்துக்கும் ஆங்கில விக்கிப்பீடியாவில் தனிக் கட்டுரை இருந்தது. வெளிச் சான்றுகள் போதவில்லை என்ற காரணத்தால் அவற்றில் பெரும்பாலானவை பின்னர்ப் பட்டியல்களாக இணைக்கப்பட்டன. கலைக்களஞ்சியத்தின் நோக்கில் அது சரியான முடிவே. ஆனால், ரசிகர்களின் ஆர்வம் அதனால் அடங்கிவிடவில்லை. ரசிகர்களுக்கான தனித் தளங்களை நோக்கி நகர்ந்தது. அவற்றுள் பெரியது, ஜிம்மி வேல்ஸும் ஏஞ்சலா பீஸ்லியும் 2004-இல் தொடங்கி, இன்று ஃபேண்டம் என்று வழங்கும் நிறுவனம். விளம்பரத்தால் வருவாய் ஈட்டும் அந்நிறுவனத்தை 2018-இல் டி.பி.ஜி. என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. எழுதுபவர் அங்கேயும் ஊதியமற்ற தன்னார்வலர்தான். ஆதாயம் மட்டும் முதலீட்டாளருக்கு.

இன்னொரு குறை, அவையின் அளவு. கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால், ஒரு குறிப்பிட்ட விதியைப் பற்றிய விவாதத்தில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே வாதிடுவதும் உண்டு. நேரமும் ஆங்கிலப் புலமையும் விடாப்பிடியும் உள்ளவரின் குரல் ஓங்குகிறது. ஜப்பானிய விக்கிப்பீடியா தனக்கெனத் தனி விதிகளை உடையது. அங்குள்ளோரின் கருத்து ஆங்கிலப் பதிப்பைக் கட்டுப்படுத்தாது. கோனனின் தலைப்பில் நாம் கண்ட சாய்வு இந்த அமைப்பிலிருந்தே பிறக்கிறது. ஆனாலும், அந்தச் சாய்வைச் சுட்டிக்காட்டவும் திருத்தக் கோரவும் அங்கே ஓர் இடம் இருக்கிறது. அந்த இடம்தான் இப்போது சுருங்கிக்கொண்டிருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் தங்கள் மொழி மாதிரிகளைப் பயிற்றுவிக்க விக்கிப்பீடியாவைத் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. பல்லூடகக் கோப்புகளைத் தரவிறக்கும் போக்குவரத்து 2024 ஜனவரியிலிருந்து 50 விழுக்காடு உயர்ந்துவிட்டது என்றும், மிகுந்த செலவு வைக்கும் போக்குவரத்தில் 65 விழுக்காடு தானியங்கி நிரல்களால் வருவது என்றும் விக்கிமீடியா அறக்கட்டளை 2025 ஏப்ரலில் தெரிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில், மனிதர்கள் பார்க்கும் பக்கங்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு குறைந்திருப்பதாகவும் அது அறிவித்தது. கேள்வி கேட்பவருக்கு விடை தேடுபொறியின் முகப்பிலேயே கிடைத்துவிட்டால், அவர் கட்டுரைக்கு ஏன் வரப்போகிறார்?

வாசகர் வராவிட்டால் என்ன இழப்பு என்று கேட்கலாம். இங்கே வாசகரே நாளைய தொகுப்பாளர். பிழையைக் கண்டு எரிச்சலுற்று, 'தொகு' என்ற பொத்தானை அழுத்துபவரே பின்னாளில் விதி வகுக்கும் அவையில் அமர்கிறார். அந்த வழி அடைபட்டால், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு கட்டுரைகள் இருக்கும். அவற்றைப் பற்றி வாதாட ஆள் இருக்காது. பெயரை உரிமம் பெற்ற நிறுவனம் சொல்லும். அல்லது இயந்திரம் சொல்லும். இயந்திரம் கட்டுரையின் முடிவைத் தருகிறதே தவிர, அந்த முடிவுக்கு வந்த வழியைக் காட்டுவதில்லை. ஓனோவின் நெடில் மறைந்துபோனால், அதை மீட்கக் கோரும் மனுவை எந்த வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பது?

தமிழின் முறை

இந்தக் கேள்வி நமக்கும் வந்து சேர்ந்துவிட்டது. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' அனிமே படம் தமிழ்க் குரலுடன் நம் திரையரங்குகளுக்கு வந்தது. அதன் நாயகன் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது? 'டான்ஜிரோ' என்பது ஆங்கிலம் வழியாக வரும் உச்சரிப்பு. ஜப்பானியரின் ஒலியோ நம் 'த'கரத்துக்கு நெருக்கமானது. டோக்கியோவும் அப்படி ஆங்கிலத்தின் கைபிடித்து வந்ததுதான். குறில் ஒகரத்தையும் நெடில் ஓகாரத்தையும் பிரித்துக்காட்ட ஆங்கிலம் தலைமேல் கோடிட வேண்டியிருக்கிறது. நமக்கோ தனித்தனி எழுத்துகளே உள்ளன. சுசுமு ஓனோவின் பெயரைத் தமிழில் எழுதினால் எந்தக் குறியீடும் இல்லாமலே நெடில் நிலைத்து நிற்கும். அதே நேரத்தில், ஜப்பான், யப்பான், சப்பான் என்று ஒரு நாட்டின் பெயரையே மூன்று விதமாக எழுதுகிறோம்.

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் கிரந்த எழுத்துகளைப் பற்றி நடந்துள்ள வாதங்களைப் படித்தவர்கள், இவற்றுக்கு ஒரே நாளில் விடை காண முடியாது என்பதை உணர்வார்கள். ஆணையிட்டு முடிக்கவும் இயலாது. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரே ஆணையில் மாற்றி, சில நாள்களிலேயே திரும்பப் பெற்றதை நாம் மறந்துவிடவில்லை. குன்ரெய் முறைக்கும் அமைச்சரவையின் முத்திரை இருந்தது. மக்களின் வழக்கு இல்லை.

என்ன செய்யலாம்? முதலாவதாக, விக்கிப்பீடியாவைப் பெருமளவில் பயன்படுத்தும் நிறுவனங்கள் அதற்குரிய கட்டணத்தைச் செலுத்த வேண்டும். விடையின் அருகே மூலக் கட்டுரைக்கு இணைப்பும் தர வேண்டும். கட்டணம் செலுத்திப் பெறும் சேவை 2021 முதல் இருக்கிறது. கூகுள் 2022-இல் அதில் இணைந்தது. இதைப் பெருந்தன்மையாக அன்றி, உள்ளீட்டுப் பொருளுக்கான விலையாகக் கருத வேண்டும். இரண்டாவதாக, ஜப்பானிய அரசு 2022-இல் 4.7 லட்சம் கோடி யென்னாக இருந்த தன் படைப்புத் துறையின் வெளிநாட்டு விற்பனையை 2033-க்குள் 20 லட்சம் கோடி யென்னாக உயர்த்த இலக்கு வைத்திருக்கிறது. அந்தப் படைப்புகளுக்கு உலகெங்கும் ஊதியமின்றி அறிமுகம் எழுதுவோருக்கு, நம்பகமான தரவுகளையும் ஆவணங்களையும் திறந்துவிடுவது அதன் கடமை. விதியை மட்டும் அவர்களிடமே விட்டுவிட வேண்டும். மூன்றாவதாக, நம் பல்கலைக்கழகங்கள் கலைக்களஞ்சியப் பங்களிப்பை மாணவரின் பாடப்பணியாக ஏற்க வேண்டும். ஜப்பானிய மொழி பயிலும் தமிழ் இளைஞர்கள் இன்று குறைவல்லர். தஞ்சிரோவா, டான்ஜிரோவா என்பதைக் காரணத்தோடு வாதிட அவர்களைவிடத் தகுதியானவர் யார்?

ஒரு கட்டுரையைப் படித்து முடித்ததும், அதன் பேச்சுப் பக்கத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே முன்பின் அறியாத இருவர் ஓர் எழுத்துக்காக நாகரிகமாகச் சண்டையிட்டுக்கொண்டிருக்கலாம். உங்களுக்குச் சொல்ல ஏதேனும் இருந்தால், சொல்லிவிட்டு வாருங்கள். அந்தச் சண்டை ஓய்ந்துபோனால், பெயர் வைக்கும் உரிமை நம் கையிலிருந்து போன செய்தி நமக்குத் தெரியக்கூட வராது.